சர்க்கரை நோயாளிக்கு எந்தக் காப்பீடு: தனித்திட்டமா, சாதாரணத் திட்டமா?

சர்க்கரை உள்ளவர் மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால் இரண்டு வழி உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கென்றே விற்கும் தனித்திட்டம் ஒன்று. நோயை மறைக்காமல் சொல்லிவிட்டு, எல்லோரும் எடுக்கும் சாதாரணத் திட்டத்தில் சேர்வது இன்னொன்று. நான் எடுத்திருப்பது இரண்டாவது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

மாத்திரை, இன்சுலின், ஸ்ட்ரிப், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பரிசோதனை எல்லாம் இரண்டிலுமே பெரும்பாலும் கைக்காசுதான். சர்க்கரை நோயாளிக்கான செருப்புகூடப் பணம் தராத பொருட்கள் பட்டியலில் இருக்கிறது. ஆகவே போட்டி மருத்துவமனையில் சேர்ந்து படுக்கும் செலவில்தான்.

தனித்திட்டத்தின் கவர்ச்சி காத்திருப்புக் காலம், அதாவது ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத தொடக்கக் காலம், குறைவு என்பது. மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு சேர்ந்தால் சில திட்டங்களில் முதல் நாளிலிருந்தே சர்க்கரைச் சிக்கல்களுக்குப் பணம் உண்டு. சாதாரணத் திட்டத்தில் 36 மாதம் வரை காத்திருக்க வேண்டும் (2024 ஏப்ரலுக்கு முன் இது 48). அதுவரை எதற்குப் பணம் இல்லை என்று சொல்லும் விலக்குப் பிரிவில் நோயோடு ‘அதன் நேரடிச் சிக்கல்களும்’ சேர்ந்தே வரும். கால் புண், விழித்திரை, சிறுநீரகம் மட்டுமல்ல, மாரடைப்பையும் சர்க்கரையோடு முடிச்சுப் போட்டு மறுப்பதுண்டு.

ஆனாலும் காத்திருப்பு ஒருநாள் முடிந்துவிடும். கோ-பேயும் (ஏற்ற தொகையில் ஒரு பங்கை நாமே கட்டுவது) அறை வாடகை வரம்பும் பாலிசி உள்ள வரை கூடவே வரும். தனித்திட்டங்களிலும் முதியோர் திட்டங்களிலும் இவை அடிக்கடி தென்படுபவை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. கால் புண் அறுவை சிகிச்சைக்கு 8,000 ரூபாய் அறையில் 6 நாள். வாடகை 48,000, அதில் 30,000தான் கிடைக்கும். வெட்டு அதோடு நிற்காது. சர்ஜன், தியேட்டர், நர்சிங் கட்டணம் 1,20,000 என்றால், அதையும் வாடகையைப் போலவே 8,000க்கு 5,000 என்ற விகிதத்தில் எட்டில் ஐந்து பங்காக்கி 75,000 ஆக்குவார்கள். மருந்தும் பரிசோதனையும் 60,000, முழுசாக ஏற்கப்படும். ஆக 1,65,000. அதில் 20 சதவீதக் கோ-பே 33,000 போனால் வருவது 1,32,000. பில்லோ 2,28,000. மீதி 96,000 நோயாளி தலையில். மூவாயிரம் ரூபாய் கூடுதலான அறையும் கோ-பேயும் சேர்ந்து செய்த வேலை இது. மருந்து, இம்பிளான்ட், பரிசோதனை, ஐசியு கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று 2020லேயே விதி வந்துவிட்டது; செட்டில்மென்ட் தாளில் வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள்.

கால் புண் ஒரே அட்மிஷனோடு தீருவது அபூர்வம். அடுத்த முறையும் இதே வெட்டு விழும். அதனால்தான் கோ-பேயும் அறை வரம்பும் இல்லாத சாதாரணத் திட்டத்தை, சிக்கல் எதுவும் தொடங்குமுன் எடுத்துக் காத்திருப்பைக் கழித்துவிடச் சொல்கிறேன். காத்திருப்பைக் குறைக்கும் இணைப்பைச் சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்துக்குத் தருகின்றன. வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். காப்பீட்டுத் தொகையையும் முதலிலேயே 10 லட்சமாக வையுங்கள். பிறகு உயர்த்தினால், உயர்த்திய பகுதிக்குக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

விண்ணப்பத்தில் சர்க்கரை கண்டறிந்த ஆண்டு, மாத்திரைப் பெயர், கடைசி எச்பிஏ1சி எல்லாம் உள்ளபடி இருக்கட்டும். ஏஜென்ட் ‘போட வேண்டாம் சார்’ என்றாலும் போடுங்கள். கிளெய்ம் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரி. விண்ணப்பத்தில் 5 ஆண்டு என்றிருக்க, டியூட்டி டாக்டர் குத்துமதிப்பாகப் ‘பத்து வருஷமாகச் சர்க்கரை’ என்று எழுதினால் அதுவே மறுப்புக்குக் காரணமாகும். அட்மிஷன் அன்றே கேஸ் ஷீட்டைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

சிறுநீரகமோ இதயமோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது சாதாரணத் திட்டம் விண்ணப்பத்தையே நிராகரித்தால், தனித்திட்டம்தான் கதி. வெட்டோடாவது பணம் வரும். நான் சொன்னதெல்லாம் இரண்டாம் வகைச் சர்க்கரையை மனத்தில் வைத்து. இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் முதல் வகைக்காரர்களுக்குச் சாதாரணத் திட்டம் கிடைப்பதே கடினம். அவர்களுக்கு என் கணக்கை அப்படியே நீட்ட மாட்டேன்.

எதை எடுத்தாலும் பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு. கோ-பே, அறை வாடகை வரிகளைத் தேடிப் படித்து, சரிப்படாவிட்டால் அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.