பாளையங்கோட்டையில் ஒரு சேகர ஆலயம்: புதிதாகக் குடிவருவோருக்காக

கணவரின் பணி மாறுதல் காரணமாக 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடிவந்தோம். வந்த இரண்டாவது வாரத்திலேயே சபை மாற்றுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டிற்கு அருகிலுள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகர ஆலயத்தில் சேர்ந்தோம். சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம். அதன் பிறகு இந்த ஊருக்கு மாறுதலாகி வருகிற உறவினர்களும் நண்பர்களும் "ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகலாம்?" என்று என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது, அவர்களுக்கு இதுவரை துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். ஆலயத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், அந்தக் குறைகளுக்கு உரியவர்களை ஒவ்வொரு வாரமும் நேரில் பார்த்து "ஸ்தோத்திரம்" சொல்ல வேண்டியவளாகவும் இருக்கிறேன்.

இவ்வூரில் ஆலயங்களுக்குப் பஞ்சமில்லை. 1780ஆம் ஆண்டில் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருந்தன. அதில் முதன்மையானவர் தஞ்சையிலிருந்து வந்த குளோரிந்தா அம்மையார். அவர் முயற்சியால் எழுந்து, 1785இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் பிரதிஷ்டை செய்யப்பட்ட சிறிய ஆலயம் இன்றும் இருக்கிறது. 1820இல் இங்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826இல், தூய திரித்துவ ஆலயம் கட்டப்பட்டது. ஊசிக்கோபுரம் என்று சொன்னால்தான் ஆட்டோ ஓட்டுநருக்குப் புரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இயல்பாகவே அங்கேதான் முதலில் போவார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் குடும்பமாகத் தங்கி, பிள்ளைகளை ஓய்வுநாள் பாடசாலையில் (ஞாயிறு வேத வகுப்பு) சேர்த்து, வயதானவர்களையும் அழைத்து வருவதென்றால், தெருவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள சேகர ஆலயமே ஏற்றது என்பது என் அனுபவம்.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றுக்கு ஒரு பக்க விளைவு உண்டு. இங்குள்ளவர்களுக்கு ஆலயம் என்பது தேர்ந்தெடுத்துச் சேர்கிற இடமன்று, பூர்வீக வீட்டைப் போலப் பிறப்பிலேயே வாய்ப்பது. ஆகவே புதிதாக வருகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது பெயரன்று, "எந்த ஊரு? அங்க எந்தச் சேகரம்? யாரு வீடு?" என்ற மூன்று கேள்விகள்தான். அன்போடுதான் கேட்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊரைக் கேட்பது சாதியைக் கேட்பதன் நாகரிகமான வடிவம் என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்த எவரும் அறிவர். என் பதிலைக் கேட்டதும் ஒரு பெரியம்மாவின் முகத்தில் கணக்கு ஒன்று ஓடி முடிந்ததை முதல் ஞாயிறன்றே பார்த்தேன். அவரேதான் பின்னர் எனக்கு மிகவும் நெருக்கமானவரானார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் அந்தக் கேள்வி கேட்கப்படத் தேவையில்லாத ஒன்று.

ஞாயிறு ஆராதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனெனில் அது ஒழுங்காக நடக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று பல சபைகள் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதிலும் இந்தப் பகுதியில் பழைய ஆங்கிலிக்கன் மரபே வழிபாட்டில் ஓங்கி நிற்கிறது: பாவ அறிக்கை, சங்கீதம், பாடப்பகுதிகள், விசுவாசப் பிரமாணம், எல்லாம் வரிசை பிசகாமல் வரும். சுயாதீன சபைகளின் கைதட்டலுக்குப் பழகியவர்களுக்கு முதலில் சற்று விறைப்பாகத் தோன்றலாம். பாடகர் குழுவின் ஆண்குரல் பகுதி பலமாக இருக்கிறது; கீர்த்தனைகளைத் தாளம் தளராமல் பாடுகிறார்கள். குருவானவரை இங்கு எல்லோரும் 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் அழைப்பதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் திகைக்க வேண்டாம். சென்னையிலிருந்து வந்த என் தோழி ஒருத்தி, ஐயர் வீட்டிலிருந்து ஆட்டுக்கறி வந்தது என்று நான் சொன்னதும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டாள்.

பொறுமையைச் சோதிப்பது அறிவிப்பு நேரம். மாத மடலில் அச்சிட்டு, வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, வாசல் பலகையிலும் ஒட்டியாகிவிட்ட செய்திகளையே மீண்டும் ஒலிபெருக்கியில் இருபது நிமிடம் வாசிக்கிறார்கள். பிறந்தநாள், திருமண நாள் கொண்டாடுவோரின் பெயர்களும், அதற்காகக் கொடுக்கப்பட்ட ஸ்தோத்திரக் காணிக்கையின் தொகையும் தவறாமல் அறிவிக்கப்படும். பெயரை வாசிக்கட்டும், தொகையையும் வாசிக்கும்போது ஐம்பது ரூபாய் கொடுத்தவர் தலையைக் குனிந்துகொள்வதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குறை எங்கள் வீட்டைச் சார்ந்தது. என் மாமியார் சக்கர நாற்காலியில் வருகிறவர். ஆலயத்தின் தென்புற வாசலில் நல்ல சாய்தளம் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. கட்டிக் கொடுத்தவரின் பெயர் பொறித்த கல்லும் அதில் உண்டு. ஆனால் அந்தக் கதவு பெரும்பாலான ஞாயிறுகளில் பூட்டியே இருக்கும், சாவியோ பாடகர் குழுவின் அலமாரிச் சாவியோடு சேர்ந்து யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருக்கும். நான்கு வாலிபர்கள் நாற்காலியோடு தூக்கி முன்வாசல் படிகளில் ஏற்றுவார்கள். அவர்கள் முகம் கோணாமல்தான் செய்கிறார்கள், மாமியாருக்குத்தான் கூச்சம். மூன்று முறை எழுத்து மூலம் கேட்ட பிறகு இந்த ஆகஸ்ட் முதல் கதவு திறந்திருக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான் இந்த ஆலயத்தைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் ஆராதனைக்கு வெளியே நடப்பவைதான். சென்ற மாதம் நடந்த அறுப்பின் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கார் நெல் அறுவடை முடிந்த சமயம் அது. வயல் வைத்திருக்கிறவர்கள் இப்போது குறைவு என்றாலும், வீட்டுக் கொல்லையில் காய்த்த ஒரு பூசணிக்காய், வாழைத்தார், நாட்டுக்கோழி, ஒரு தூக்குவாளி முட்டை, கையால் சுற்றிய முறுக்கு என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து பலிபீடத்தின் முன்னால் வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருபது ரூபாயில் தொடங்கி, மைத்துனர்கள் இருவருக்கிடையே வீம்பு ஏறி, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று உபதேசியார் (குருவானவருக்கு உதவியாக இருக்கும் சபை ஊழியர்) இழுத்து இழுத்துச் சொல்ல, அறுநூறு ரூபாயில் போய் நின்றது. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பழத்தை மறுபடியும் மேசையிலேயே வைத்துவிட்டார். அது இன்னொரு முறை ஏலத்துக்குப் போய், கடைசியில் ஓய்வுநாள் பாடசாலைப் பையன் ஒருவனுக்குப் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்து மோந்து பார்த்துக்கொண்டே போனான். ஆராதனையில் இடம்விட்டு இடம் உட்கார்ந்திருக்கிற சபையார் ஒருவரையொருவர் கேலி செய்து சிரிப்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

அதைவிட முக்கியமானது நவம்பரில் வரப்போகிற பிரதிஷ்டைப் பண்டிகையும் அதனோடு சேர்ந்த அசனமும். அசனம் என்பது சபையார் அனைவரும் சேர்ந்து உண்கிற விருந்து. தென்மாவட்டங்களுக்கு வெளியே உள்ளவர்களுக்கு இந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். அரிசி, தேங்காய், ஆடு என்று ஒவ்வொரு குடும்பமும் இயன்றதைக் கொடுக்கும். சோறு, கறிக்குழம்பு, ரசம் இவ்வளவுதான் சாப்பாடு. பந்தி முடிந்ததும் தூக்குவாளிகளின் வரிசை தொடங்கும், வர முடியாதவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதற்காக. சாப்பாட்டின் ருசிக்கு நான் உத்தரவாதம் தருவேன். சென்ற ஆண்டு உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது என்பதைத் தவிரக் குற்றம் இல்லை. ஆனால் அசனத்தின் உண்மையான நிகழ்ச்சி முந்தின இரவில் நடப்பது. ஆலய மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, சின்ன வெங்காய மூட்டையைக் கொட்டி, நாற்பது ஐம்பது பேர் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். அங்கே "எந்த ஊரு?" என்று யாரும் கேட்பதில்லை. கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் அக்காவாகவோ மைனியாகவோ ஆகிவிடுகிறார்.

எனக்கு அந்த வட்டத்தில் முதலில் இடம் கிடைத்தது அசனத்திற்காக அல்ல. 2023 டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான ஆகமன காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்றும் மறுநாளும் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டு கொக்கிரகுளத்திலும் வண்ணார்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. மேட்டில் இருந்ததால் பாளையங்கோட்டையின் எங்கள் பகுதி தப்பியது. வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாடல் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் ரத்து என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அடுத்த செய்தி, அசனப் பாத்திரங்களை வெளியே எடுக்கிறோம், கை வேலைக்கு ஆள் தேவை என்பது. மின்சாரம் இல்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்கினோம். பொட்டலம் கட்டுவதற்கு வாலிபர் ஐக்கிய சங்கப் பிள்ளைகள் பழைய செய்தித்தாள்களை வீடு வீடாகச் சேகரித்து வந்தார்கள். என்னிடம் மூன்று கேள்விகள் கேட்ட அந்தப் பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் தடிமனாக நறுக்குவதைப் பார்த்துவிட்டு, "தாயி, பட்டணத்துல இப்படித்தான் வெட்டுவாங்களோ?" என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான் இந்தச் சபையைச் சேர்ந்தவள். உறுப்பினர் பட்டியலில் பெயர் ஏறியது அதற்கு ஆறு மாதம் முன்பே என்றாலும், நான் கணக்கிடுவது அந்த இரவிலிருந்துதான்.

இந்த ஆண்டின் (2025) எஞ்சிய நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரித்தோரை நினைவுகூரும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 இம்முறை ஞாயிற்றுக்கிழமையிலேயே வருவதால் ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம். வெயிலுக்குக் குடை அவசியம், மழை வந்தாலும் அதுவே உதவும். நவம்பர் 30 முதல் ஆகமன ஞாயிறு. கேரல் ரவுண்ட்ஸ் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தொடங்கும். சிறுபிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எங்கள் தெருவுக்கு அவர்கள் வரும்போது இரவு ஒன்றரை மணி இருக்கும், கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவருக்கு அதற்குள் தூக்கம் கண்ணைக் கட்டியிருக்கும், இனிப்பு வாங்கக் காத்திருந்த குழந்தை எப்போதோ உறங்கியிருக்கும். இந்த நேரத்தைத் திருத்தச் சொல்லி ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறோம். சென்னையில் நள்ளிரவு ஆராதனைக்குப் பழகிய எங்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஐந்து மணிக்கு நடக்கும் ஆராதனை முதலில் விநோதமாக இருந்தது. இப்போது அதுதான் பிடித்திருக்கிறது. பனியில் குளித்துவிட்டு, புதுச் சேலையின் கஞ்சி மொடமொடப்போடு இருட்டில் நடந்துபோய், முடிந்து வெளியே வரும்போது விடிந்திருப்பது தனி அனுபவம். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு இடம் வேண்டுமானால் பத்து மணிக்கே போய்விடுங்கள். ஆண்டு முழுவதும் காணாதவர்களெல்லாம் புத்தாண்டுக்கான வேத வசனமாகிய வாக்குத்தத்த வசனம் வாங்க அன்று வருவார்கள்.

பணம் பற்றியும் புதியவர்கள் கேட்பார்கள். மாதந்தோறும் சங்கக் காணிக்கை கட்ட வேண்டும். ரசீது கொடுக்கிறார்கள், ஆண்டுக் கணக்கையும் சபையார் முன் வைக்கிறார்கள். இது பாராட்டத்தக்கது. மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கிற சபை நிர்வாகத் தேர்தல் சமயத்தில் மட்டும் இந்தச் சபையின் சுபாவம் மாறுகிறது. அதுவரை நலம் விசாரிக்காதவர்கள் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்கிறார்கள், ஜெபத்தின் இடையிலேயே அணியின் பெயரும் வந்துவிடுகிறது. புதியவர்கள் காபி கொடுத்து அனுப்பிவிட்டு யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பிள்ளைகளுக்கு மே மாதத்தில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி நன்றாக இருக்கிறது. எங்கள் மகள் பத்து நாளும் அழாமல் போனது அதற்குச் சான்று. வாலிபர்களுக்கான கூட்டங்களில் பேச்சு அதிகம், செயல் குறைவு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உறுப்பினர்களின் சராசரி வயது அறுபதுக்கு மேல் இருக்கும், ஆனால் ஆலயத்தில் வேலை நடப்பது அவர்களால்தான்.

ஆகவே இந்த நவம்பரில் புதிதாக வருகிறவர்கள் ஞாயிறு ஆராதனையோடு தங்கள் அறிமுகத்தை நிறுத்திக்கொள்ளாமல், அசனத்திற்கு முந்தின இரவு ஏழு மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். அழைப்பிதழ் எதுவும் தேவையில்லை. கத்தியோ அரிவாள்மனையோ வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள், ஆலயத்துக் கத்திகள் எல்லாம் மழுங்கிப் போனவை. மறக்காமல் அதில் பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள். சென்ற ஆண்டு போன என் கத்தி இன்னும் திரும்பி வரவில்லை.