ஃபேஜா, ஈஸ்ட்டா? ஆன்டிபாடி நூலகம் எதில் கட்டலாம்?

ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும் புரதம். அதன் கோடிக்கணக்கான வகைகளின் தொகுப்புதான் நூலகம்; நன்றாகப் பிடிப்பதை அதிலிருந்து தேடி எடுக்கலாம். அந்த வகைகளை ஃபேஜின் மேலும் ஏற்றலாம், ஈஸ்ட் செல்லின் மேலும் ஏற்றலாம். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். 1985-இல் ஜார்ஜ் ஸ்மித் அதன் உறையில் வேறொரு புரதத் துண்டை ஏற்றிக் காட்டினார். கிரெக் வின்டர் அந்த வழியை ஆன்டிபாடிக்குக் கொண்டுவந்தார். மூட்டுவாதத்துக்குத் தரும் அடாலிமுமாப் அப்படிப் பிறந்த மருந்துதான். 2018 நோபலில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

அளவில் ஈஸ்ட் பொதுவாக ஃபேஜுக்குப் பின்னால்தான். ஃபேஜில் 1,000 கோடி வகைகள் சாத்தியம். ஈஸ்ட்டில் வழக்கமான முறையில் 100 கோடியைத் தொடுவதே பெரும்பாடு. ஆனால் அந்த 1,000 கோடி சும்மா வராது. டி.என்.ஏ.வை மின்னதிர்ச்சி கொடுத்து ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்த வேண்டும். டி.என்.ஏ.வில் உப்பு தங்கியிருந்தால் 'டப்' என்று பொறி பறக்கும். குவெட்டில் (மின்னதிர்ச்சி கொடுக்கும் சிறு குப்பியில்) இருந்த செல்கள் அத்தனையும் போச்சு. அதனால் டி.என்.ஏ.வைச் சுத்தம் செய்வதில் அவசரமே கூடாது.

சரி, ஈஸ்ட்டின் பலம் என்ன? ஒரு செல்லின் மேல் ஒரே ஆன்டிபாடியின் பல்லாயிரம் பிரதிகள் நிற்கும். ஆன்டிஜெனில் (ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இலக்கில்) ஒளிரும் சாயம் ஏற்றிச் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் செல் சார்ட்டரில் விட்டால், எது இறுக்கமாகப் பிடிக்கிறது என்று திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஃபேஜில் ஆன்டிஜென் பூசிய தட்டில் ஊற்றி, கழுவி, மிஞ்சியதை வளர்த்து, மூன்று நான்கு சுற்று போக வேண்டும். நடுவில் வேகமாக வளரும் குளோன் (ஒரே வகையின் நகல் கூட்டம்), நன்றாக ஒட்டும் குளோனை முந்திவிடுவதும் உண்டு.

என் தேர்வு: வெறுங்கையோடு தொடங்கினால் ஃபேஜ், கையில் உள்ள ஆன்டிபாடியை மெருகேற்ற ஈஸ்ட். ஃபேஜில் இரண்டு சுற்று வடிகட்டி, அப்புறம் ஈஸ்ட்டுக்கு மாற்றுவதும் நல்ல வழி.