ஆயிலா, பழைய பெட்டியா, பிரித்து வேலையா? பழைய சொகுசு ஃபோர் வீல் டிரைவில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் செய்தால்

நீலாம்பூர் பைபாஸில் அறுபது, எழுபதில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போய்க்கொண்டிருக்கும்போது வண்டி ஒரு நொடி 'டரரர்' என்று அதிரும். ரோட்டில் குறுக்குக் கோடு போட்ட இடத்தில் ஏறியது போலிருக்கும். பார்த்தால் கோடு எதுவும் இருக்காது. முதலில் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் சிக்னலில் நிற்கப்போகும் நேரத்தில் பின்னால் யாரோ மெதுவாக முட்டியது போல ஓர் உதை.

என் வண்டி எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடலாம். உள்ளே இருப்பது இசட்.எஃப். 6எச்.பி.26 என்ற ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 2001-இல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் முதலில் வந்தது. பிறகு எக்ஸ்5, ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி 3 என்று கனத்த வண்டிகள் பலவற்றிலும் இந்தக் குடும்பம்தான். (இசட்.எஃப். என்ற பெயருக்கே ஜெர்மனில் பல்சக்கரத் தொழிற்சாலை என்றுதான் அர்த்தம். 1915-இல் செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்யத் தொடங்கிய கம்பெனி அது.) வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெட்டியில் முதலில் போவது பெரும்பாலும் பல்சக்கரம் இல்லை, ரப்பர், ஆயில், கிளட்ச் லைனிங் இவைதான். எதில் பணத்தைப் போடுவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

விசாரித்ததில் கோவையில் எனக்குச் சொன்ன விலைகள்: ஆயில், பேன் (பெட்டிக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டு), சீல் எல்லாம் சேர்த்துக் கூலியோடு ஐம்பத்தைந்தாயிரம். வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்டி ஒன்றரை லட்சம், மாட்டும் கூலி தனி. பிரித்து முழு வேலை மூன்று லட்சத்துக்கு மேல். பெரும்பாலானவர்கள் சொன்னது நடுவில் உள்ளதை. "பழைய பெட்டி ஒண்ணு போட்டுருங்க சார், தலைவலி விட்டுது." எனக்கு அதில்தான் நம்பிக்கை வரவில்லை.

முதலில் ஆயில். பல வண்டிகளின் கையேட்டில் இந்தப் பெட்டிக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை என்று இருக்கும். பெட்டியைச் செய்த இசட்.எஃப்.போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நான் பெட்டி செய்தவன் சொல்வதைக் கேட்கிற ஆள்.

பேனைக் கழற்றும்போது நானும் லிஃப்டுக்கு அடியில் போய் நின்றேன். பெட்டிக்கு அடியில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் தட்டும் ஆயில் ஃபில்டரும் ஒரே பொருள். ஃபில்டர் அடைத்தால் தட்டையே மாற்ற வேண்டும். ஆயில் டீ டிகாஷன் நிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தது. ஆனால் கருகிய வாடை இல்லை. தட்டில் உள்ள காந்தங்களில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தது. பட்டறைக்காரர் அதை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். "நறநறங்கலைங்க. துகள் இல்ல. தேய்மானந்தான்." துகள் தட்டுப்பட்டிருந்தாலோ, கருகல் வாடை அடித்திருந்தாலோ தட்டைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு வேறு கணக்குப் போட்டிருப்பேன்.

அடுத்து அவர் கழற்றியது மெக்கட்ரானிக். வால்வுகள், அவற்றை மின்சாரத்தில் இயக்கும் சோலனாய்டு, கம்ப்யூட்டர் மூன்றும் ஒன்றாகப் பெட்டிக்குள்ளேயே ஆயிலில் மூழ்கிக் கிடக்கும் பாகம். அதிலிருந்து பெட்டிக்கு ஆயில் அழுத்தம் போகிற இடத்தில் கைக்கடக்கமான ஒரு செவ்வக ரப்பர் சீல் இருக்கிறது. புதியதை அழுத்தினால் நகம் பதிகிறது. கழற்றியதோ தட்டினால் பிளாஸ்டிக் போலச் சத்தம் கேட்கிற அளவுக்கு இறுகியிருந்தது. அந்த வழியாக அழுத்தம் கசிந்தால் கிளட்ச் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது, தாமதமாக உதைத்துக்கொண்டு பிடிக்கும். வயர் வெளியே வரும் இடத்தில் உள்ள ஸ்லீவ் இன்னொன்று. ஆயில் சொட்டுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். மொத்தச் செலவில் இந்த ரப்பர்களின் விலை ஒரு பொருட்டே இல்லை. ஆயில் மட்டும் மாற்றிவிட்டு இவற்றை விட்டுவிடுவது, வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு ஒழுகும் ஓட்டை அப்படியே விடுவது மாதிரி.

டிஸ்கவரி 3 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பிளாஸ்டிக் தட்டை நேராக இறக்க இடம் இருக்காது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபில்டர் கழுத்து மாட்டிக்கொள்ளும். பலர் அந்தக் கழுத்தை ரம்பத்தால் அறுத்துத் தட்டை எடுத்துவிட்டு, ஃபில்டர் தனியாக வரும் இரும்புத் தட்டைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை வேலை சுலபம்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சி இந்தப் பெட்டியில் கிடையாது. வண்டி சமமாக நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஆயில் சூடு 30-இலிருந்து 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; அப்போது பக்கவாட்டு மூடியைத் திறந்தால் லேசாக வழிய வேண்டும். ஸ்கேனரில் சூடு பார்க்காமல் கை வைத்துப் பார்த்து ஊற்றும் பட்டறையாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, தட்டைக் கழற்றினால் முழு ஆயிலும் வராது. ஒரு பங்கு டார்க் கன்வர்ட்டரில் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) நின்றுகொள்ளும். இதற்கு மெஷின் வைத்துக் கழுவுவதா, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி ஒருமுறை மாற்றுவதா என்று கேட்டால், நான் இரண்டாவது பக்கம். வயதான பெட்டியில் அவசரம் வேண்டாம்.

"ரொம்ப ஓடின பெட்டிக்குப் புது ஆயில் ஊத்தினா ஸ்லிப் ஆகிடும்" என்பார்கள். ஸ்லிப் ஆகிற பெட்டிக்குத்தான் கடைசி நேரத்தில் ஆயில் ஊற்றுகிறார்கள், பழி ஆயில் மேல் விழுகிறது. எஞ்சின் உறுமி, வண்டி நகராமல் இழுக்கிற நிலை வந்துவிட்டால் லைனிங் தீர்ந்துவிட்டது. அதற்கு ஆயில் மருந்தில்லை.

சரி, பழைய பெட்டி. புதுப்பேட்டையிலோ டெல்லி மாயாபுரியிலோ தேடினால் கிடைக்கும். ஆனால் 6எச்.பி.26 என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை. எக்ஸ்5-இல் இருந்து எடுத்ததை ரேஞ்ச் ரோவரில் மாட்ட முடியாது. முன் கூடும் பின்பக்கமும் வேறு. கியர் லீவரிலிருந்து கேபிள் வரும் வகை, வயர் மட்டும் வரும் வகை என்று மெக்கட்ரானிக்கிலேயே இரண்டு உண்டு. பெட்டியின் பெயர்த்தகட்டில் உள்ள நம்பரை உங்கள் பெட்டியின் நம்பரோடு ஒப்பிடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எல்லாம் பொருந்தினாலும், அதற்குள் இருக்கும் ரப்பருக்கும் உங்கள் ரப்பரின் வயதுதான். ஆக, ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய பெட்டிக்கும் அந்த ஐம்பத்தைந்தாயிரம் வேலை பாக்கி நிற்கிறது. மூன்று மாத வாரண்டி என்பார்கள். அது பெட்டிக்கு, ஏற்றி இறக்கும் கூலிக்கு இல்லை. ஆறு மாதத்தில் விற்கப்போகிறவருக்கு இது சரிப்படலாம்.

வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு, லைனிங் போயிருந்தால், பிரித்து வேலை பார்ப்பதுதான் நேர்மையான வழி. உள்ளே மூன்று கிளட்ச், இரண்டு பிரேக் (சக்கரத்து பிரேக் இல்லை, பெட்டிக்குள் பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது). அவற்றின் தட்டுகளும் சீல்களும் புதிதாக வரும். விலை பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். டார்க் கன்வர்ட்டரை அறுத்துத் திறந்து லைனிங் மாற்றி, மறுபடி வெல்டு செய்து பேலன்ஸ் பார்ப்பீர்களா? ஆயில் கூலரைக் கழுவுவீர்களா, மாற்றுவீர்களா? பழைய துகள் கூலரில் தங்கியிருந்தால் புதுப் பெட்டிக்குள்தான் முதலில் போய் விழும். இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால் மூன்று லட்சத்தை அங்கே கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் பேட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் குறைந்தாலே இந்த வண்டிகள் டாஷ்போர்டில் கியர்பாக்ஸ் கோளாறு என்று பயமுறுத்தும்.

என் கதையில், சிக்னலில் நிற்கும்போது வந்த உதை ஆயிலும் ரப்பரும் மாற்றிய அன்றைக்கே போய்விட்டது. பெட்டியின் கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த பழைய பழக்கத்தை ஸ்கேனரில் அழித்ததும் கியர் விழுவதே தெரியவில்லை. பைபாஸ் அதிர்வு மட்டும் குறைந்திருக்கிறதே தவிர முழுக்க அடங்கவில்லை. அந்த அதிர்வு வரும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் பெரும்பாலும் கன்வர்ட்டரின் லாக் (எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பிணைக்கும் கிளட்ச்) விடுபடும். எனக்கு அதிர்வு உடனே நின்றது. அப்படியானால் மிச்சமிருக்கும் சந்தேகம் கன்வர்ட்டர் லைனிங் மேல். இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டி இரண்டாவது ஆயில் போட்டுப் பார்க்கப் போகிறேன். அதற்கும் மசியாவிட்டால் கன்வர்ட்டரை இறக்க வேண்டும். பட்டறையில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். தீபாவளிக்கு அப்புறம்தான் லிஃப்ட் காலியாம்.