லித்தியம் என்று சொல்லி ஆல்கலைன் செல்லை அனுப்புகிறார்கள்: பலூன் விடுபவர்கள் கவனத்துக்கு

உயரப் பறக்கும் பலூனுக்கு டிராக்கர் (இருக்கும் இடத்தை சிக்னலில் சொல்லும் கருவி) கட்டுபவர்கள், ஆன்லைனில் ஏஏ லித்தியம் செல் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் மாணவர் குழுவுக்கு வந்தவை அத்தனையும் போலி.

தமிழ்நாட்டுக்கு மேலே 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 டிகிரியை நெருங்கும். பலூன் அதையும் தாண்டி 30 கிலோமீட்டர் வரை போய் வெடிக்கும். பாராசூட்டில் இறங்கும்போது மறுபடி அதே குளிருக்குள் நுழைந்துதான் வர வேண்டும். தெர்மோகோல் பெட்டி ஓரளவுக்குத்தான் காக்கும். ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது தண்ணீர் கலந்த கரைசல், மைனஸ் 20-ஐ ஒட்டியே சோர்ந்துவிடும். ஏஏ லித்தியம் செல்லில் (லித்தியம் அயர்ன் டைசல்பைடு வகை) தண்ணீரே கிடையாது, மைனஸ் 40-லும் ஓடும். அதற்காகத்தான் பல மடங்கு விலை கொடுக்கிறோம்.

வந்த அட்டையில் அச்சு சுத்தமாக இருந்தது. பேலோடு, அதாவது பலூன் தூக்கிப்போகும் பெட்டி, எடை போட்டபோதுதான் கணக்கு இடித்தது. இந்த வகை ஏஏ செல் சுமார் 15 கிராம் இருக்க வேண்டும். தராசு 23 காட்டியது. அது ஆல்கலைனின் எடை. மல்டிமீட்டரில் 1.6 வோல்ட். புது லித்தியம் செல் சுமை இல்லாதபோது 1.8-ஐ ஒட்டிக் காட்டும். (எடையை மட்டும் நம்பாதீர்கள். மலிவான கார்பன் செல்லும் எடை குறைவுதான், வோல்ட்டையும் சேர்த்துப் பாருங்கள்.) டிராக்கரில் போட்டு வீட்டு ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் ஒவ்வொரு முறை சிக்னல் அனுப்பும்போதும் ரீசெட் ஆனது.

விற்றவரை அழைத்தால், "ஒன்றரை வோல்ட் வருதுல்ல, அப்புறம் என்ன சார்?" என்றார். பாக்கெட்டைப் பிரித்துவிட்டோமாம், திரும்ப எடுக்க முடியாதாம். பிரிக்காமல் எப்படி எடை பார்ப்பது? பதிலுக்கு கொள்ளளவு 9900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சடித்த 18650 செல் (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் வகை) தருகிறேன் என்றார். அந்த அளவில் நல்ல செல்லே 3500, மிஞ்சினால் 4000. இது அடுத்த மோசடி.

எனக்குக் கோபம் பணத்துக்காக இல்லை. பிள்ளைகள் ராத்திரி கண் விழித்து சாலிடர் செய்த பெட்டி அது. மேலே டிராக்கர் நின்றுபோனால் எங்கே விழுந்தது என்று தேடவே வழியில்லை, படமும் தரவும் அதோடு போய்விடும்.

செல்லின் பக்கவாட்டில் எஃப்ஆர்6 என்று இருக்கிறதா பாருங்கள். எல்ஆர்6 என்றால் ஆல்கலைன். எங்களுக்கு வந்ததில் இரண்டுமே இல்லை. பிரிப்பதிலிருந்து எடை போடுவது வரை வெட்டாமல் வீடியோ எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பில்லோடும் தராசுப் படத்தோடும் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. அந்த செல் அதே படத்தோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது.