அங்கீகாரப் புதுப்பிப்பு: ஏஜென்டா, சொந்த ஆளா, பொது ஆளா?

மேலூர் பக்கம் ஒரு சின்ன மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளியின் தாளாளராக இருக்கிறேன். எங்களைப் போன்ற பள்ளிகளில் தாளாளரே கணக்கர், தாளாளரே வேன் பொறுப்பாளர், சில நாட்களில் தாளாளரே மூன்றாம் வகுப்பு டீச்சரும்கூட. இதற்கு நடுவில் பள்ளிக்கு அரசு தருகிற அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் வேலையை யார் கையில் கொடுப்பது என்பது சின்ன விஷயமில்லை. முழுப் பொறுப்பையும் ஒரு ஏஜென்ட்டிடம் விடலாம். பள்ளி அலுவலகத்தில் ஓர் ஆளை வைத்து நாமே செய்யலாம். அல்லது பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து விவரம் தெரிந்த ஒருவரைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு இப்போது மூன்றாவது வழியில் இருக்கிறேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான். படிப்பவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கீகாரம் எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகும் நடத்தினால் ஒவ்வொரு நாளுக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை. இங்கே தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும், அதற்கு 2023-ல் வந்த விதிகளும் இருக்கின்றன. சட்டத்தை விடுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. வெளியேற வழி போதவில்லை. இந்தச் சான்றிதழ்களை வெறும் பேப்பர் வேலை என்று பேசுகிற தாளாளர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மாடிப்படி எத்தனை அடி அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவது நம் பிள்ளைகளுக்காகத்தான்.

ஏஜென்ட் வழியில் பெரிய வசதி, நாம் அலைய வேண்டாம். மதுரையில் மாவட்டக் கல்வி அலுவலகம், தாலுகா அலுவலகம், தீயணைப்பு நிலையம் என்று எல்லா இடத்திலும் எந்த மேசையில் எந்தக் கோப்பு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மொத்தமாக ஒரு தொகை பேசுவார்கள். சின்னப் பள்ளிக்கு அது கையைக் கடிக்கும், ஆனால் கட்டி முடித்துவிட்டால் தலைவலி போனது என்றிருக்கும். நல்ல ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை.

சொந்த ஆள் வைப்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில், சின்னப் பள்ளியில் அலுவலக வேலைக்கு வருகிற பிள்ளைகள் படித்து முடித்த கையோடு வருகிறார்கள். வேலை பழகி, கருத்துரு (அங்கீகாரம் கேட்டு அனுப்புகிற விண்ணப்பக் கோப்பு) எழுதத் தெரிந்துகொள்ளும்போது கல்யாணம் ஆகிப் போய்விடுகிறார்கள், அல்லது கூடச் சம்பளத்துக்கு வேறு இடம் போய்விடுகிறார்கள். அப்புறம் புதிதாக வருபவருக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். நூற்றைம்பது, இருநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் இதற்கென்றே அனுபவசாலி ஒருவருக்கு முழுச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது.

செலவு, அலைச்சல் எல்லாம் இருக்கட்டும். இந்த மூன்றில் எது என்பதை முடிவு செய்ய வேண்டியது ஒரே விஷயம்: புதுப்பிப்புக்கும் புதுப்பிப்புக்கும் நடுவில் உள்ள காலத்தில் தேதிகளை யார் கவனிக்கிறார்கள்? இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அங்கீகாரக் கோப்பின் உயிர் நான்கு சான்றுகளில் இருக்கிறது. பொறியாளர் தருகிற கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தருகிற கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. தீயணைப்பும் சுகாதாரமும் சீக்கிரம் முடிபவை. மற்ற இரண்டும் அதைவிட நீளமாக ஓடும். நான்கும் வெவ்வேறு மாதத்தில் வாங்கியிருப்போம், வெவ்வேறு மாதத்தில் முடியும். ஒன்றைப் பிடித்துத்தான் இன்னொன்று கிடைக்கும். பொறியாளர் சான்று இல்லாமல் வட்டாட்சியரிடம் உரிமத்துக்குப் போக முடியாது. அங்கீகாரத்துக்குக் கருத்துரு அனுப்பும் நாளில் நான்கும் உயிரோடு இருக்க வேண்டும். அனுப்பிய பிறகும் அவை உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். கோப்பு அலுவலகத்தில் சில மாதம் இருக்கும்போது தீயணைப்புச் சான்று காலாவதியானால், குறைபாடு என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அதைப் புதுப்பித்துக் கொடுப்பதற்குள் சுகாதாரச் சான்று முடிந்துவிடும். இப்படியே ஒன்று மாற்றி ஒன்றாக ஒரு கல்வியாண்டே ஓடிவிடும்.

ஏஜென்ட்டுக்குப் பேசிய கூலி கருத்துரு அனுப்புவதற்கு. அவருக்கு நம் பள்ளி பல பள்ளிகளில் ஒன்று. அங்கீகாரம் வந்ததும் அவர் வேலை முடிந்தது. நடுவில் எந்தச் சான்று எப்போது முடிகிறது என்று நினைவூட்டுவது அவர் பேச்சில் இருக்காது. இன்னொன்று, அசல் கோப்பு அவர் வீட்டிலோ அலுவலகத்திலோ தங்கிவிடுகிறது. நம் கையில் சில நகல்கள் மட்டும். அடுத்த முறை வேறு ஒருவரிடம் போகலாம் என்றால் பழைய கருத்துருவில் கட்டடப் பரப்பு எவ்வளவு என்று எழுதினோம் என்றே தெரியாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமான அளவு போனால், ஆய்வுக்கு வருபவர் கேட்கத்தானே செய்வார்?

சொந்த ஆள் இருந்தால் கோப்பு பள்ளியில் இருக்கும், அது நல்லது. ஆனால் ஆள் மாறும்போது தேதிகளும் அவரோடு போய்விடுகின்றன.

பொது ஆள் முறைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் நான்கு பள்ளிகள் சேர்ந்திருக்கிறோம். மேலூர், கொட்டாம்பட்டி சாலை, ஒத்தக்கடைக்கு உள்ளே என்று சிதறிக் கிடக்கிற பள்ளிகள். உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளி. பள்ளிக்கு நாலாயிரம் என்று மாதம் பிறந்தால் கொடுத்துவிடுகிறோம். அரசுக் கட்டணம், பொறியாளர் கட்டணம் எல்லாம் அவரவர் பள்ளி செலவு. அசல் கோப்புகள் அந்தந்தப் பள்ளி பீரோவை விட்டு வெளியே போகக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அவர் வந்து பார்த்துவிட்டு, எழுதிவிட்டு, அங்கேயே வைத்துவிட்டுப் போவார்.

அவரிடம் ஒரு நீளநோட்டு இருக்கிறது. பள்ளிக்கு இரண்டு பக்கம். சான்றின் பெயர், எண், கொடுத்த தேதி, முடியும் தேதி, அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'விண்ணப்பிக்க வேண்டிய தேதி'. இந்தக் கடைசிக் கட்டம்தான் எல்லாம். தீயணைப்புச் சான்று முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே கேட்க ஆரம்பித்துவிடுவார். "இன்னும் நாள் கிடக்கே சார்" என்றேன் முதல் வருஷம். "இப்பவே போட்டாத்தான் மேடம் சரியா இருக்கும். கோடை லீவுல எல்லாப் பள்ளிக்கூடமும் ஒண்ணா வந்து நிக்கும்" என்றார். விண்ணப்பம் போடுவதற்கு முன்பு அவரே பள்ளியைச் சுற்றி வருவார். தீயணைப்பான் சிலிண்டரின் கழுத்தில் கட்டியிருக்கும் அட்டையில் அடுத்து நிரப்ப வேண்டிய தேதி, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, மணல் வாளியில் பிள்ளைகள் குப்பை போட்டிருக்கிறார்களா, பின்வாசல் கதவில் யாராவது பூட்டுப் போட்டிருக்கிறார்களா. மேல்நிலைத் தொட்டியில் 'சுத்தம் செய்த தேதி' என்று பெயின்ட்டில் எழுதியிருப்பது பழசாகிவிட்டதா என்று ஆயாம்மாவிடம் கேட்பார். ஆய்வுக்கு வருபவர்கள் பார்ப்பதும் இவற்றைத்தான்.

எங்களில் ஒரு பள்ளிக்கு நடந்ததைச் சொன்னால் பொது ஆளின் அருமை புரியும். அவர்கள் நிலம் கிரயப் பத்திரத்தில் ஒரே சர்வே எண். பிற்பாடு உட்பிரிவு செய்தபோது பட்டாவில் அந்த எண்ணோடு ஓர் எழுத்து சேர்ந்துவிட்டது. பொறியாளர் பத்திரத்தைப் பார்த்துப் பழைய எண்ணை எழுத, கட்டட வரைபடத்தில் புதிய எண். எல்லாக் காகிதமும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். இவர் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக விரித்து, சர்வே எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். மூன்றாவது தாளில் விரல் நின்றுவிட்டது. தாலுகா அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே திருத்த முடிந்தது. அறக்கட்டளைப் பெயரில் ஓர் இன்ஷியல் கூடுவது, குறைவது எல்லாம் இதே ரகம்தான்.

ஆசிரியர் பட்டியலும் அப்படி. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் இருக்கிற ஆசிரியர்கள், மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரப் பதிவான யுடைஸில் கொடுத்த எண்ணிக்கை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள், கருத்துருவில் சான்றிதழ் நகல் வைத்தவர்கள், நான்கும் ஒத்துப்போக வேண்டும். சின்னப் பள்ளியில் டீச்சர் நடுவில் நின்றுவிடுவது சகஜம். ஒருவர் நின்றால் அந்த வாரமே எமிஸில் மாற்றச் சொல்கிறார் எங்கள் ஆள். ஆசிரியருக்கு முப்பது மாணவர் என்ற விகிதம் அப்போதுதான் காகிதத்திலும் வகுப்பறையிலும் ஒன்றாக இருக்கும்.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. மாணவர் சேர்க்கை ஒரே பகுதியில் நடப்பதால் பக்கத்துப் பள்ளிகளுக்குள் போட்டி உண்டு. நம் பள்ளி எண்ணிக்கையும் சம்பளமும் தெரிந்த ஒருவர் அடுத்த பள்ளிக்கும் போகிறார் என்பது சிலருக்கு உறுத்தும். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் ஒரு பள்ளிச் சேதியை இன்னொரு பள்ளியில் வாயைத் திறந்து சொல்லாதவர். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் இந்த வழியே வேண்டாம். அவருக்கு வயதும் ஆகிறது. அதனால் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அலுவலகப் பிள்ளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டின் இன்னொரு படியை எழுதிக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இரண்டு பள்ளிகளுக்கு ஒரே நாளில் ஆய்வு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஒரு பள்ளியில் நாமே நின்று பேச வேண்டியதுதான்.

ஏஜென்ட் தேவைப்படுகிற இடமும் ஒன்று உண்டு. ஊராட்சி அனுமதியோடு மட்டும் கட்டி, நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் வாங்காமல் விட்ட கட்டடங்கள். 2011-க்கு முன் கட்டிய கல்விக் கட்டடங்களை வரன்முறைப்படுத்த அரசு 2018-ல் வழி கொடுத்தது. வரைபடம், நில வகைப்பாடு, கட்டணம் என்று அது தனி உலகம். அந்த ஒரு வேலைக்கு மட்டும், அதிலேயே பழகின வரைபடக்காரரையோ பொறியாளரையோ வைத்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அசலைத் தராமல் நகலை மட்டும் கொடுங்கள். அது முடிந்ததும் கோப்பு நம் பீரோவுக்கு வந்துவிட வேண்டும்.

மெட்ரிக் பள்ளியாக உயர்த்த நினைப்பவர்களுக்கும், சிபிஎஸ்இ இணைப்புக்குப் போகிறவர்களுக்கும் பொது ஆள் முறை சரிவருமா என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நிலப் பரப்பு நிபந்தனையே அங்கே வேறு. எங்கள் நான்கு பள்ளிகளும் ஐந்தாம் வகுப்போடு நிற்பவை. வேன் வைத்திருக்கிற பள்ளி எங்களில் இரண்டுதான். 2012-ல் வந்த பள்ளி வாகன விதிகளின்படி கோடையில் நடக்கிற வாகன ஆய்வை இரண்டு பள்ளிகளும் தனித்தனியாகவே பார்த்துக்கொள்கின்றன. அதைப் பொது ஆளிடம் சேர்க்கவில்லை.

இந்த வழியில் இறங்க நினைப்பவர்கள் சேர்க்கை நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நான்கு தாளாளர்களும் அவரவர் கோப்போடு ஓரிடத்தில் உட்காருங்கள். முதல் நாள் வேலை ஆள் தேடுவது இல்லை. உங்களிடம் இருக்கிற சான்றுகளின் முடியும் தேதியை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எந்தப் பள்ளியிலாவது ஏற்கெனவே ஒன்று காலாவதியாகி இருந்தால் அதற்கு அந்த வாரமே விண்ணப்பம் போட்டுவிட்டு, அப்புறம் ஆளைப் பேசுங்கள். வரப்போகிறவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் தாளும் அதுவே.