யூஎஸ்பி டேட்டா தடம்: ஈஎஸ்டி சிப்புக்குப் பக்கத்திலா, அடியிலா, உள்ளேயா?

நிலைமின்னிறக்கத்திலிருந்து (ஈஎஸ்டி) யூஎஸ்பியைக் காக்கும் டையோடு சிப்பை டேட்டா தடத்தோடு சேர்க்க மூன்று வழி உண்டு. ஸ்கீமாட்டிக்கில் (சுற்று வரைபடத்தில்) மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். போர்டு போடும்போதுதான் வித்தியாசம். டி+, டி− என்ற இரண்டு டேட்டா தடங்களை நேராக இழுத்துக்கொண்டு போய், நடுவில் ஒரு கிளை பிரித்து ஈஎஸ்டி டையோடில் சேர்ப்பது முதல் வழி. தடத்தைச் சிப்பின் ஒரு பேடில் (கால் ஒட்டும் செம்புத் திட்டில்) ஏற்றி, அடியிலேயே செம்பை ஓட்டி, எதிர்ப் பேட் வழியாக வெளியே கொண்டுவருவது இரண்டாவது. அடியில் செம்பே போடாமல், சிப்பின் உள்இணைப்பையே நம்புவது மூன்றாவது.

கிளை பிரிப்பது வசதிதான், ஆனால் கணக்குப் போட்டால் பயமாக இருக்கும். ஐஇசி 61000-4-2 என்ற ஈஎஸ்டி சோதனையில் 8 கிலோவோல்ட் தொடு மின்னிறக்கம் என்றால் முதல் உச்சம் 30 ஆம்பியர். அதுவும் ஏறத்தாழ ஒரு நானோவினாடிக்குள் எகிறும். மெல்லிய தடத்தின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) மில்லிமீட்டருக்குத் தோராயமாக 1 நானோஹென்றி என்று வைத்தால், 4 மி.மீ. கிளையில் மட்டும் 120 வோல்ட் விழுகிறது. டையோடு 20 வோல்ட்டில் பிடித்து நிறுத்தினாலும், நாம் காக்க நினைக்கும் யூஎஸ்பி கண்ட்ரோலர் பார்ப்பது 140. இதில் கொடுமை, யூஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட் சிக்னலுக்கு அந்த 4 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. ஐ டயக்ராம் (சிக்னலின் தரத்தைக் காட்டும் படம்) அழகாக வரும், எல்லாம் சரி என்று நாமும் நம்பிவிடுவோம். சிப்பைப் பொருத்த மறந்தாலும் யூஎஸ்பி வேலை செய்யும்!

இரண்டாவதில் கிளையே கிடையாது. பத்துப் பேட் கொண்ட சின்ன டிஎஃப்என் (நீட்டிய கால் இல்லாத சிப் உறை) வகைகள் பலவும் இதற்கென்றே வந்தவை: எதிர்ப்பக்கப் பேடுகள் உள்ளே எதிலும் சேராமல் சும்மா இருக்கும், தடம் அவற்றின் மேல் நேராகப் போகலாம். தட ஜோடி விலகாது, யூஎஸ்பி கேட்கும் 90 ஓம் இம்பிடன்ஸும் பெரிதாகக் கெடாது.

மூன்றாவது வழி யூஎஸ்பிஎல்சி6-2 மாதிரி எஸ்ஓடி-23-6 (ஆறு கால் உறை) சிப்புகளுக்கு. அதில் 1-ஆம் காலும் 6-ஆம் காலும் உள்ளே ஒன்று, 3-உம் 4-உம் ஒன்று. 1-இல் நுழைந்து 6-இல் வெளியேறினால், சிப்பின் கால், அதை உள்ளே சிலிக்கனோடு இணைக்கும் பாண்ட் கம்பி ஆகியவற்றின் இண்டக்டன்ஸ் டையோடுக்குப் போகும் கிளையில் இல்லாமல் லைனிலேயே தொடராக வந்துவிடுகிறது. அடிச்செம்பு இருந்தால் அதில் ஒரு பங்கு மறுபடி கிளையாகிவிடும். எஸ்ஓடி-23-6 என்றால் என் ஓட்டு மூன்றாவதுக்கே. தடங்கள் 1.9 மி.மீ. விலகும்; இரண்டும் ஒரே மாதிரி விலகினால் யூஎஸ்பி 2.0 பொறுத்துக்கொள்ளும். ஒரே ஆபத்து மாற்றுச் சிப்: எதிர்க்கால் உள்ளே இணைக்கப்படாத ஒன்றை யாராவது வாங்கி வைத்தால் லைன் அறுந்துவிடும். கெட்டதிலும் நல்லது, அது முதல் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

கிரவுண்ட் காலுக்கும் அதே நானோஹென்றிக் கணக்குதான். வயாவை (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளையை) பேடை ஒட்டிப் போடாமல் 3 மி.மீ. தள்ளினால், உள்வழியில் மிச்சம்பிடித்தது அங்கே போய்விடும்.

அப்புறம், டைப்-சி கனெக்டரில் டி−, டி+, டி−, டி+ என்று மாறி மாறி வருவதால், ஒரே பெயர் கொண்டவற்றைச் சேர்க்க ஒரு லைனாவது இன்னொன்றைத் தாண்டியாக வேண்டும். அந்த வயாக்களைக் கனெக்டருக்கும் சிப்புக்கும் நடுவிலேயே முடித்துவிடுங்கள். சிப்பைத் தாண்டிய பிறகு சேர்த்தால் ஒரு ஜோடி டையோடையே பார்க்காமல் உள்ளே போய்விடும்.