பில்லில் புது பெட்ரோல் பம்ப், டேங்கில் பழைய பம்ப்: கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) வேலை முடித்து எடுத்து வந்த காரில் பெட்ரோல் வாடை அடித்தால், தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.

எங்களுடையது எட்டு வருடப் பெட்ரோல் கார். சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஏறி இறங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறிவிட்டுத்தான் எடுக்கும். செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. கோவையில் ஒரு மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். ஸ்கேனரில் வந்த கோட் பி0171. இன்ஜினுக்குள் போகும் பெட்ரோலுக்கு இருக்க வேண்டிய அளவைவிடக் காற்று அதிகம் என்று அதற்கு அர்த்தம். பம்ப் பிரஷர் குறைந்தாலும் அது வரும், சென்சார் அளக்காத காற்று எங்காவது ஓட்டை வழியாகப் புகுந்தாலும் வரும். எது என்று தெரிய கேஜ் மாட்டி ஃபியூயல் பிரஷர் பார்க்க வேண்டும். அதைச் செய்யவே இல்லை. "பம்ப் வீக்குங்க சார், இன்ஜெக்டர் நாலும் போச்சுங்க. இப்படியே ஓட்டுனீங்கன்னா இன்ஜினே போயிருமுங்க" என்றார் சூப்பர்வைசர்.

பம்ப் 8,500, இன்ஜெக்டர் நான்கு 11,200, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங் 1,200, கூலி 4,000. மொத்தம் 24,900 ரூபாய். ஜிஎஸ்டி பில் கேட்டோம், எஸ்டிமேட் தாளில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். பழைய பார்ட்ஸைக் கேட்டோம், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

ஸ்கேனரில் அந்த பி0171 கோட் அழிக்கப்பட்டிருந்ததால் விளக்கு அணைந்திருந்தது. சில நாளிலேயே மறுபடி எரிந்தது, அதே திணறல். கூடவே ஏசி போட்டால் உள்ளே பெட்ரோல் வாடை. போன் செய்தால், "புது பார்ட்ஸ் செட் ஆக கொஞ்ச நாள் ஆகுங்க" என்று பதில். அந்த வண்டியில்தான் என் மனைவி குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஒரு இன்ஜெக்டரின் அடியில் ஈரம். கழற்றினால், நசுங்கி இறுகிப்போன பழைய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). நான்கிலுமே அப்படித்தான். பழைய இன்ஜெக்டர்களையே துடைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் ஓடும் லைன் அது, சூடான இன்ஜின் மேல் கசிந்துகொண்டிருந்தது. பணம் போனதைக்கூட விடுங்கள், இதை மன்னிக்க முடியவில்லை.

பிறகு ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றி வளைத்துக் காட்டினார். அடிப்பக்க மடிப்பில் நீளமாக வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜின் அசையும்போதெல்லாம் வாய் பிளந்து, ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய இடத்தில் காற்றை இழுத்திருக்கிறது. புது ஹோஸ் 950 ரூபாய். மாற்றியதும் ஐடிலிங் ஏறி இறங்காமல் சீரானது. ஸ்கேனரில் 22 சதவீதத்தில் இருந்த ஃபியூயல் டிரிம் (காற்றுக்கு ஈடாக வண்டி கூடுதலாக விடும் பெட்ரோலின் அளவு) ஓட்ட ஓட்ட 3-க்கு இறங்கியது.

கடைசியாகப் பின்சீட்டைத் தூக்கினோம். எங்கள் வண்டியில் பம்ப் மூடி அங்கேதான் இருக்கிறது. மூடியின் மேல் வருடக்கணக்கான புழுதி, ஸ்க்ரூ தலைகளுக்குள் இறுகிய மண். ஸ்பேனர் பட்ட சுவடே இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஓனர் வெளியூர் என்றார்கள், அதன்பின் என் போனை எடுப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எஸ்டிமேட் தாள், பணம் அனுப்பிய ரசீது, அந்தப் புழுதி மூடியின் போட்டோ மூன்றும் கையில் இருக்கின்றன. சமீபத்தில் பம்ப் மாற்றியதாகப் பணம் கொடுத்தவர்கள், உங்கள் வண்டியில் மூடி எங்கே இருக்கிறது என்று கேட்டு இன்றைக்கே திறந்து பாருங்கள்.